ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கப் பயணம்: ஒரு மதிப்புரை

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் ஊருக்குச் செல்பவர்களில் பலர் ஏரிக்கரையில் நின்று, தேவாலயக் கோபுரமும் மலைச்சரிவு வீடுகளும் ஒருசேர விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் சற்று நடந்துவிட்டு, அடுத்த பேருந்தில் கிளம்பிவிடுகிறார்கள். 800 பேர்கூட வசிக்காத அந்த ஊருக்குக் கோடைக்காலத்தில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்துபோவது உண்டு. நீங்களும் அங்கே செல்வதாக இருந்தால், ஏரிக்கரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மலைமேல் இருக்கும் உப்புச் சுரங்கத்துக்குச் செல்லுங்கள். விவசாயத்துக்கு நிலமே இல்லாத, ஏரிக்கும் செங்குத்தான பாறைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் அந்த இடத்தில் மனிதர்கள் எதற்காகக் குடியேறினார்கள் என்பது அங்கே போனால்தான் விளங்குகிறது.

இழுவை ரயிலில் மேலே ஏறியதும், சுரங்கத்தைக் காப்பதற்காக 1284-இல் எழுப்பப்பட்ட ருடால்ஃப் கோபுரம் எதிர்ப்படும். அங்கிருந்து சுரங்க வாயிலுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம் நடக்க வேண்டும். இந்த நடையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கால்களுக்குக் கீழே இருப்பது பழங்கால இடுகாடு. சுரங்க அதிகாரியாக இருந்த யோஹான் கியார்க் ராம்சாவர் 1846 முதல் 1863 வரை இங்கே 980 கல்லறைகளைத் தோண்டி, ஒவ்வொன்றிலும் எலும்பும் அணிகலனும் எந்த நிலையில் கிடந்தன என்பதைப் பதிவு செய்து, வண்ண ஓவியங்களாகவும் வரையச் செய்தார். தொல்லியல் ஒரு துறையாக உருப்பெறாத காலத்தில் காட்டப்பட்ட அந்தக் கவனம் என்னை மிகவும் நெகிழ வைத்தது. பால்டிக் கடற்கரையின் அம்பர் என்னும் கல்லாக இறுகிய மரப்பிசினும் ஆப்பிரிக்காவின் தந்தமும் ஆல்ப்ஸ் மலையின் ஒரு மூலையில் புதைந்திருந்தன என்றால், உப்பு ஈட்டித் தந்த செல்வம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதி, அதாவது கி.மு. 800 முதல் 450 வரையிலான காலம், இந்த ஊரின் பெயராலேயே ஹால்ஸ்டாட் பண்பாடு என்று வழங்கப்படுகிறது.

சுரங்கத்துக்குள் செல்லுமுன் நம் உடைக்கு மேலே அணிந்துகொள்ளப் பாதுகாப்பு உடை தருகிறார்கள். உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 8 டிகிரி குளிர்தான் என்பதால், கோடையில் சென்றாலும் கம்பளிச் சட்டை ஒன்று அவசியம். ஒரு தளத்திலிருந்து கீழ்த்தளத்துக்கு இறங்க, தொழிலாளர்கள் பயன்படுத்திய முறையிலேயே, வழவழப்பாக இழைத்த மரச் சறுக்குகள் இருக்கின்றன. அவற்றுள் மிக நீளமானது 64 மீட்டர். குழந்தைகளுக்கு இதுவே பெரிய கொண்டாட்டம். தயங்குபவர்கள் பக்கத்திலுள்ள படிகளில் இறங்கலாம்.

இந்தப் பயணத்தின் உச்சம் அந்தச் சறுக்கு அன்று, ஒரு மரப்படிக்கட்டு. 2003-இல் கண்டெடுக்கப்பட்ட அதன் மரங்கள் கி.மு. 1344, 1343 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்டவை என்று மர வளையங்களைக் கொண்டு கணித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுள்ள அந்தப் படிக்கட்டை அருகில் நின்று பார்த்தால், இரண்டு பக்கச் சட்டங்களிலும் பள்ளம் வெட்டி அதில் படிப்பலகைகளைச் செருகியிருப்பது தெரியும். சரிவு கூடினாலும் குறைந்தாலும் படியின் சாய்வை மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்பு அது. 3,300 ஆண்டுகளுக்கு முன்பு, மரச் சிம்புகளைக் கொளுத்திய வெளிச்சத்தில், முதுகில் தோல் பையைச் சுமந்து ஏறியவர்களுக்காக ஒரு தச்சர் இவ்வளவு யோசித்திருக்கிறார். உப்பு எதையும் அழுகவிடுவதில்லை என்பதால் மரம், தோல், சாயமிட்ட துணி எல்லாம் அப்படியே கிடைத்திருக்கின்றன. 1734-இல் ஒரு பழங்காலத் தொழிலாளியின் உடலே கிடைத்தது. 2021-இல் வெளியான ஆய்வு, இங்கே பாதுகாக்கப்பட்ட சுமார் 2,700 ஆண்டுப் பழமையான மனிதக் கழிவில் நீலப் பாலாடைக்கட்டிக்கும் பீருக்கும் உரிய நுண்ணுயிர்களைக் கண்டறிந்து, அம்மக்கள் என்ன உண்டார்கள் என்பதையும் சொல்லிவிட்டது. இவற்றோடு ஒப்பிட்டால், நிலத்தடி ஏரியில் காட்டப்படும் ஒளிக்காட்சி அழகானதே தவிர, மனத்தில் அவ்வளவாகத் தங்குவதில்லை.

தொழில் மாறிய கதையை வழிகாட்டிகள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தெளிவாகச் சொல்கிறார்கள். பாறையாக வெட்டிச் சுமந்த உப்பைப் பிற்காலத்தில் தண்ணீர் விட்டுக் கரைத்து, உப்புநீராக வெளியே எடுக்கத் தொடங்கினார்கள். அதைக் காய்ச்ச விறகு வேண்டும். சுற்றியிருந்த காடுகள் ஈடுகொடுக்கவில்லை. விறகை ஊருக்குக் கொண்டுவருவதைவிட உப்புநீரை விறகு இருக்கும் இடத்துக்கு அனுப்புவது எளிது என்று முடிவு செய்து, 1595-இல் தொடங்கி 1607-க்குள், துளையிட்ட 13,000 மரத்தண்டுகளைக் கோத்து, எபென்சே என்ற ஊர் வரை 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் அமைத்தார்கள். தொழிற்சாலைகளுக்கான குழாய்வழிகளில் உலகிலேயே மிகப் பழமையானவற்றுள் இதுவும் ஒன்று. சுரங்கம் இன்றும் இயங்குகிறது, உப்புநீர் இன்றும் எபென்சேக்குத்தான் போகிறது. காட்சிப்பொருளாகிப்போன ஒரு பழைய சுரங்கம் என்று நினைத்து வருபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சுற்றுலா ஊரானதன் வரலாற்றுக்கு இந்தப் பயணத்தில் அவ்வளவு இடமில்லை. அதை ஊருக்குள் நடந்தும், அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்தும் நிரப்பிக்கொள்ளலாம். 1877-இல் ரயில் வந்தபோது நிலையம் ஏரியின் மறுகரையில் அமைந்தது. இன்றும் ரயிலில் வருபவர்கள் படகேறித்தான் ஊருக்குள் வருகிறார்கள். மேற்குக் கரையோரம் சாலை போடப்பட்டது 1890-இல்தான். மரவேலை கற்பிக்கும் பள்ளி ஒன்று 1873 முதல் நடக்கிறது. 1997-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2012-இல் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் இந்த ஊரைப் போலவே ஒரு குடியிருப்பைக் கட்டி முடித்தார்கள். வீடுகளையும் சதுக்கத்தையும் நகலெடுக்க முடிந்தது. அந்த மலையை எப்படி நகலெடுப்பது?

முழங்கால் வலி உள்ளவர்கள் உள்ளே நிறைய நடக்கவும் படியிறங்கவும் வேண்டியிருக்கும் என்பதை அறிந்து செல்ல வேண்டும். மற்றவர்கள் குறைந்தது அரை நாளாவது ஒதுக்குங்கள். ஊரில் தங்க முடிந்தால் மறுநாள் காலையில் உப்புநீர்க் குழாயை ஒட்டிச் செல்லும் பாதையில் வடக்கு நோக்கி நடந்து, கோசாவ் ஓடைக்கு மேலே குழாயைக் கொண்டுசெல்ல 1757-இல் கட்டப்பட்ட, 43 மீட்டர் உயரமுள்ள கல்தூண் பாலத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.