மெர்க்கூர் 34சி: முதல் ரேசராக வாங்கலாமா?

பிரஷ், சோப்பு, இரண்டு பக்கமும் கூரான பிளேடு என்று பழைய முறை ஷேவிங்குக்கு வர நினைப்பவர் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லப்படும் பெயர் மெர்க்கூர் 34சி. ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்தில் தயாராகும் ரேசர் இது. கத்தி, கத்தரிக்கோல், சவரக்கத்தி என்று கூரான எதற்கும் பேர்போன ஊர் அது. வேறு ஊரில் செய்த கத்தியில் ‘ஸோலிங்கன்’ என்று பொறிக்கக் கூடாது என 1938லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் விலை. இருந்தாலும் பெயருக்காக மட்டும் விற்கிற சாமான் இல்லை இது.

கையில் எடுத்ததும் கண்ணில் படுவது அதன் குட்டை உருவம். நீளம் 8 செ.மீ.க்குச் சற்று மேல், எடை 80 கிராமுக்குச் சற்றுக் கீழ். உருவத்துக்கு இந்தக் கனம் அதிகம், அது வேண்டுமென்றே வைத்தது. தலையின் கனமே பிளேடை இழுத்துச் செல்லும், கை அழுத்தத் தேவையில்லை. கைப்பிடி தடிமனாக, பிடிமானத்துக்குச் சொரசொரப்பாக இருக்கிறது. ஆனால் பெரிய கை உள்ளவர்களுக்குச் சுண்டுவிரலை எங்கே வைப்பது என்று முதல் சில நாள் திண்டாட்டம்தான். அவர்கள் இதே நிறுவனத்தின் 23சி மாடலைப் பார்க்கலாம். வெட்டும் விதம் ஏறத்தாழ ஒன்றே, கைப்பிடி நீளம். ஆனால் மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்று பாகமாகக் கழலும்.

34சி-க்கு இரண்டே பாகம். அடித்தட்டும் கைப்பிடியும் ஒன்றாக இணைந்தே இருக்கும், மூடி மட்டும் தனி. கைப்பிடியின் கீழ்முனையில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் மூடி கழன்று வரும். பிளேடு மாட்டும்போது மூடியைக் குப்புறத் திருப்பி மேசையில் வைத்து, பிளேடைக் கூரில்லாத குட்டை ஓரங்களில் பிடித்து, மூடியின் அடியில் துருத்தி நிற்கும் பகுதி பிளேடின் துளைக்குள் வரும்படி உட்கார வையுங்கள். அதன் மேல் கைப்பிடியை இறக்கித் திருகுங்கள்.

இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். பிளேடின் துளைக்கும் மூடியின் துருத்தலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு, அதனால் பிளேடு ஒரு பக்கம் நகர்ந்து உட்காரலாம். இறுக்கியதும் ரேசரைக் கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். மூடிக்கு வெளியே எட்டிப்பார்க்கும் பிளேடு விளிம்பு இருபுறமும் ஒரே அகலத்தில், மூடிக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக நீட்டினால் அந்தப் பக்கம் கடிக்கும், மறுபக்கம் முடியைத் தடவிவிட்டுப் போகும். அரைச் சுற்றுத் தளர்த்தி, குட்டை ஓரங்களைப் பிடித்துப் பிளேடைச் சரிசெய்து, மூடியை மேலிருந்து அழுத்திக்கொண்டே மறுபடி இறுக்கினால் போதும். ‘ஒரு பக்கம் நல்லா வெட்டுது, ஒரு பக்கம் வெட்டவே மாட்டேங்குது’ என்ற புகாரில் பெரும்பாலானவை இந்த அரை நிமிட வேலையைச் செய்யாததால் வருபவை.

திருகைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தால் ரேசர் இன்னும் வேகமாக வெட்டும் என்று ஒரு யோசனை உலவுகிறது. காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தளர்ந்த பிளேடு அதிரும், அதிரும் பிளேடு கீறும். வெட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் அதற்கென்று செய்த ரேசர் வேறு இருக்கிறது.

34சி சாதுவான ரேசர். மூடிக்கு வெளியே பிளேடு மிகக் குறைவாகவே நீட்டி நிற்கும், பிளேடுக்குக் கீழே தோலைத் தொட்டு ஓடும் பாதுகாப்பு விளிம்பும் சீப்புப்பல் இல்லாமல் நேராக இருக்கும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். இதற்கு விலையும் உண்டு. நம்மவர்களின் அடர்த்தியான, முரட்டுத் தாடியை ஒரே ஓட்டத்தில் சுத்தமாக எடுக்காது, இரண்டாவது ஓட்டம் கட்டாயம். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஷேவ் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் நீண்ட முடியும் நுரையும் சேர்ந்து அந்த நேர்விளிம்பின் இடுக்கை அடைத்துவிடும், இரண்டு இழுப்புக்கு ஒருமுறை அலச வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் சீப்புப்பல் வைத்த ரேசர் வாங்குவது புத்திசாலித்தனம்.

பிளேடு விஷயத்தில் கவலையே வேண்டாம். இரட்டை முனை பிளேடுகள் உலகம் முழுக்க ஒரே அளவு: நீளம் ஏறத்தாழ 43 மி.மீ., அகலம் 22, தடிமன் 0.1. எந்த பிராண்டும் இதில் பொருந்தும். பிளேடுகளைத் தலையோடு சேர்த்தே மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசரிலிருந்து மாறுவதில் பணமிச்சம் வருவதே இங்கேதான், ஒரு பிளேடு டீக்கடை டீயைவிட மலிவு. 7 ஓ’கிளாக் சூப்பர் பிளாட்டினம் அல்லது அஸ்ட்ரா சூப்பீரியர் பிளாட்டினத்தில் தொடங்குங்கள். துருக்கியின் டெர்பி மென்மையானது, ஆனால் முரட்டு முடியை இழுக்கும். ஜப்பானின் ஃபெதர் மிகக் கூர்மை. 34சி-யின் சாதுத்தனத்துக்கு அது நல்ல ஜோடிதான், ஆனால் கை பழகுவதற்கு முன் தொட வேண்டாம். அடர்ந்த தாடிக்கு ஒரு பிளேடு நான்கைந்து ஷேவ் தாங்கும். முடியை வெட்டாமல் இழுப்பது போலத் தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள். கூர் விளிம்பைத் துணியாலோ டிஷ்யூவாலோ துடைக்கக் கூடாது. மேற்பூச்சு போய்விடும், விரலும் போகலாம்.

இனி நுரை. அது சரியில்லையென்றால் ஸோலிங்கன் ரேசரும் சந்தை ரேசரும் ஒன்றுதான்.

பன்றிமுடி பிரஷ் என்றால் ஷேவிங்குக்கு முன் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊற வேண்டும். புதிதில் விறைப்பாக இருக்கும், வாடையும் அடிக்கும். பத்துப் பதினைந்து முறை புழங்கியபின் நுனிகள் பிளந்து பஞ்சாகிவிடும். பன்றிமுடி வேண்டாம் என்பவர்கள் தயங்காமல் செயற்கை இழை வாங்கலாம். ஊற வைக்க வேண்டாம், சீக்கிரம் காயும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காது. இன்றைய செயற்கை இழைகள் முன்போல நைலான் துடைப்பமாக இல்லை. தொடங்குகிறவருக்கு எங்கள் சிபாரிசு 24 மி.மீ. கட்டு (இழைகள் கைப்பிடியில் சேரும் இடத்தின் விட்டம்) உள்ள செயற்கை பிரஷ்தான்.

பிரஷ்ஷை இரண்டு உதறு உதறி, ஈரம் மட்டும் நிற்கும்படி செய்யுங்கள். கிரீம் என்றால் பாதாம்பருப்பு அளவு. கட்டி சோப்பு என்றால் அதன்மேல் 30 வினாடி வட்டமாகச் சுழற்றினால், பிரஷ் நுனியில் பசைபோல அப்பி நிற்கும். அதைக் கிண்ணத்திலோ முகத்திலோ குழையுங்கள். தண்ணீரைச் சில சொட்டுகளாகத்தான் சேர்க்க வேண்டும். புதியவர்கள் கோட்டை விடுவது இங்கே, ஒன்று ஒரேயடியாக ஊற்றுவார்கள், இல்லையென்றால் பயந்துகொண்டு ஊற்றவே மாட்டார்கள். தண்ணீர் குறைந்தால் நுரை மங்கலாக, வறண்டு, முகத்தில் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். கூடினால் குமிழி குமிழியாக வந்து வழியும். சரியான நுரை கெட்டித்தயிர் போல இருக்கும், மேலே ஒரு மினுமினுப்பு தெரியும், விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்கும். பொங்கி நிற்பதைவிட வழுக்குவதுதான் முக்கியம். டப்பாவை அமுக்கினால் வரும் நுரையில் பெரும்பகுதி வாயு. பார்க்க மலைபோல இருக்கும், பிளேடுக்கு அடியில் ஒன்றும் மிஞ்சாது.

எல்லாம் சொன்னபடி செய்தும் நுரை வரவில்லையா? தண்ணீரைச் சந்தேகியுங்கள். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அவை சோப்பின் கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத அழுக்காகத் திரண்டுவிடும். பக்கெட்டில் வெள்ளை உப்புப் படிகிற வீடுகளில் விலையுயர்ந்த இத்தாலி சோப்பு வாங்கினாலும் சாம்பல் நிறத் திட்டுதான் மிஞ்சும். சோதிப்பது எளிது: அதே சோப்பை ஒருநாள் கேன் தண்ணீரில் குழைத்துப் பாருங்கள். நுரை பொங்கினால் சோப்பின் மீது குற்றமில்லை. பிரஷ் நனைக்கவும் குழைக்கவும் ஒரு டம்ளர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ போதும், ரேசர் அலச குழாய்த் தண்ணீர் போதுமானது. அதுவும் வசதிப்படாவிட்டால் கட்டி சோப்பை விட்டுவிட்டு கிரீமுக்கு வாருங்கள். உப்பைக் கட்டுப்படுத்தும் இ.டி.டி.ஏ. சேர்ந்த கிரீம்கள் உண்டு, உறையில் பார்த்து வாங்கலாம். இருநூறு ரூபாய் கிரீமில் தீர்கிற பிரச்சினைக்கு இரண்டாவது ரேசர் வாங்குகிறவர்கள் நிறைய.

நுரை பூசுவதற்கு முன் முடி தண்ணீர் குடித்து இளகியிருக்க வேண்டும். குளித்தவுடன் செய்வது உத்தமம், இல்லையென்றால் வெந்நீரில் பிழிந்த துண்டை இரண்டு மூன்று நிமிடம் போர்த்துங்கள். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு ஆரம்பிக்கும் பழக்கம் இங்கே உண்டு. எண்ணெய் நுரையை அமுக்கிவிடும், ரேசரின் இடுக்கிலும் பிசுக்காகச் சேரும். ஷேவ் முடிந்தபின் தடவுங்கள், அது நல்லது.

பிளேடின் கோணம் சுமார் 30 டிகிரி. அளவுகோல் வைத்தா பார்க்க முடியும்? மூடியின் மேல்பாகத்தைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியைத் தோலுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். அப்படியே கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டு வந்தால் பிளேடு முடியைத் தொடும் ‘சர்’ ஒலி கேட்கும். அதுதான் கோணம். 34சி-யில் இந்த ஒலி நன்றாகவே கேட்கும், காதை நம்பி வேலை செய்யலாம். இழுப்பு ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும். கார்ட்ரிட்ஜ் பழகிய கை தன்னையறியாமல் அழுத்தும். கைப்பிடியை அதன் நடுப்பகுதியில் மூன்று விரலால் மட்டும் பிடித்தால் அழுத்தவே வராது.

முதல் ஓட்டம் முடி வளரும் போக்கில். மறுபடி நுரை பூசி, இரண்டாவது குறுக்காக. வறண்ட தோலில் ‘இந்த ஒரு இடம் மட்டும்’ என்று இழுப்பதுதான் எரிச்சலுக்கு ஆரம்பம். எதிர்ப்போக்கில் மூன்றாவது ஓட்டம் முதல் மாதம் வேண்டவே வேண்டாம். கன்னத்தில் முடி பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கும், கழுத்தில் அப்படி இல்லை. குரல்வளைக்கு இருபுறமும் பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ கூட வளரும். இரண்டு நாள் முடியை விட்டு, விரலால் நாலா பக்கமும் தடவிப் பாருங்கள். வழுக்குகிற திசை போக்கு, குத்துகிற திசை எதிர்ப்போக்கு. சுருள்முடிக்காரர்களுக்குக் கழுத்தில் எதிர்ப்போக்கு ஷேவ் ஆகவே ஆகாது. தோலுக்குள் வெட்டுப்பட்ட முடி சுருண்டு உள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும். பல பிளேடு கார்ட்ரிட்ஜில் இந்தத் தொல்லை அதிகம், ஒற்றை பிளேடுக்கு மாறியதும் பலருக்குக் குறைவதற்குக் காரணமும் இதுதான்.

மூக்குக்கு அடியில் 34சி-யின் தலை கொஞ்சம் தடிமனாகத் தெரியும். மூக்கு நுனியை மேலே தூக்கி, மேலுதட்டைப் பல்லின் மேல் இழுத்துக்கொண்டு குட்டி இழுப்பாகச் செய்யுங்கள். மீசை வைத்தவர்களுக்கும் கிருதாவை நேராக்குகிறவர்களுக்கும் இந்தத் தலை ஓரம் தெரியாமல் மறைக்கும், கோடு போடுகிற இடங்களில் நிதானம் தேவை.

முடிந்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, சலூனில் தேய்ப்பார்களே, அந்தப் படிகாரக் கல்லை ஈரமாக்கி முகம் முழுக்க ஒருமுறை ஓட்டுங்கள். 30 வினாடி விட்டுக் கழுவிவிடலாம். சின்னக் கீறலில் ரத்தம் நிற்கும். எந்த இடத்தில் சுரீரென்று எரிகிறதோ அங்கே நீங்கள் அழுத்தியிருக்கிறீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கல்லே போதும், அழகான பெட்டியில் வருவதும் அதே படிகாரம்தான்.

34சி-யின் பலவீனம் அதன் உலோகம். தலை துத்தநாகக் கலவையில் வார்த்து, குரோம் பூசியது. ஈரக் கையிலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்தால் தலை நெளியலாம், மூடியின் மரைத்தண்டு ஒடியலாம். ஒடிந்தால் ஒட்டவைக்க முடியாது. பூச்சு உரிந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும், கடலோரக் காற்றில் இன்னும் வேகமாக. வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதுவும் இதன் பக்கம் வரக் கூடாது. தினமும் அலசி உதறிக் காயவிடுங்கள். வாரம் ஒருமுறை பழைய டூத்பிரஷ்ஷும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் போட்டு மரையைத் தேய்த்தால் திருகு சிக்காமல் இருக்கும்.

இதற்குப் போட்டி என்றால் ஸாக்ஸனியிலிருந்து வரும் மூலே ஆர்89. அதுவும் துத்தநாகக் கலவைதான், அதுவும் சாதுதான், கைப்பிடி நீளம், பூச்சு இன்னும் பளபளப்பு. இரண்டுக்கும் நடுவே கைக்கு எது வசதி என்பதைத் தாண்டிப் பெரிய வித்தியாசம் இல்லை. மெர்க்கூரின் ப்ராக்ரஸ் மாடலில் வெட்டும் அளவை எண் பார்த்துத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கை பழகாதவரிடம் அதைக் கொடுத்தால் தவறு கையிலா, எண்ணிலா என்றே தெரியாமல் போகும். கையில் காசு குறைவு என்றால் இந்தியத் தயாரிப்பு மூன்று பாக ரேசர் ஒன்றில் ஆரம்பித்து, மீதியை நல்ல பிரஷ்ஷுக்கும் கிரீமுக்கும் செலவிடுங்கள். 34சி எங்கும் ஓடிவிடாது.

விமானப் பயணம் போகிறவர்கள் பிளேடைக் கழற்றி செக்-இன் பெட்டியில் போட வேண்டும், கைப்பையில் வைத்தால் பறிமுதல். தீர்ந்த பிளேடைக் குப்பைக்கூடையில் வெறுமனே போடாதீர்கள், அந்தப் பையைக் கையால் பிரிக்கிறவர் ஒருவர் இருக்கிறார். மூடியில் கீறல் போட்ட பழைய பால்பவுடர் டின் ஒன்றுக்குள் போட்டுவந்தால் நிரம்பவே வருடக்கணக்காகும். நிரம்பியதும் கீறலை டேப்பால் அடைத்து, ‘பிளேடு’ என்று மேலே எழுதித் தனியாகக் கொடுங்கள்.