மான் கொம்பு பார்க்க 8×42 பைனாகுலர் போதுமா?

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் புள்ளிமான் கண்ணில் படுவது பெரும்பாலும் விடிகாலையிலோ பொழுது சாயும்போதோதான். அந்த மங்கல் வெளிச்சத்துக்கு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் அகலம் 42 மி.மீ.) நன்றாக ஈடுகொடுக்கிறது. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10×42இல் 4.2தான், கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். 10-30×50 என்று விற்கும் ஜூம் வகையை 30க்குத் திருகினால் 1.7 மி.மீ.தான் மிஞ்சும். மான் இருட்டாகிவிடும், தலையும் வலிக்கும். வாங்கவே வேண்டாம்.

இவ்வளவு துல்லியம் எதற்கு? வளரும் கொம்பை மெத்தென்ற வெல்வெட் தோல் மூடியிருக்கும். அதைப் பார்த்ததும் மான் பார்க்கப் போகிறவர்கள் 'குறைபாடு' என்று எழுதிவிடுகிறார்கள். நம் பக்கத்துப் புள்ளிமான்கள் எல்லாம் ஒரே பருவத்தில் கொம்பு உதிர்ப்பதில்லை. ஒரே கூட்டத்தில் தோல் மூடியதும் இருக்கும், தோல் உரிந்ததும் இருக்கும். விதையில் சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறினால்தான் கொம்பு இறுகித் தோல் உரியும், இறங்கினால் கொம்பு விழும். விதை அடிபட்டாலோ வயிற்றிலிருந்து கீழே இறங்காமல் நின்றாலோ தோல் உரியாது, கொம்பும் விழாது. முண்டுமுண்டாகப் பெருத்துக்கொண்டே போகும். அதனால் அதே மானை நான்கைந்து மாதம் கழித்தும் பாருங்கள். பின்னங்கால் இடுக்கில் விதைப்பை தெரிகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பைனாகுலருக்கு உண்மையான சோதனை அங்கேதான். கொம்பு எதிலும் தெரியும். அலாஸ்காவின் கோடியாக் தீவு மான்களைப் பற்றி 2006இல் வந்த ஆய்வில், தென்பகுதியில் பரிசோதித்த ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு விதைகள் இறங்கவே இல்லை. பலவற்றுக்குக் கொம்பும் கோணல். ஒரு பக்கம் மட்டும் கோணல் என்றால் கதை வேறு: தோல் மூடியிருந்தபோது பட்ட அடியாகவோ, எதிர்ப்பக்கப் பின்னங்கால் காயமாகவோ இருக்கலாம். கொம்பின் அடிக்கட்டை கெடாவிட்டால் அடுத்த முறை நேராகவே முளைக்கக்கூடும்.

வலக்கண்ணை மூடி நடுச்சக்கரத்தால் இடப்பக்கத்தைக் கூர்மையாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி வலக்கண் வளையத்தை மட்டும் திருகுங்கள். இதைச் செய்யாமல்தான் பாதிப்பேர் 'படம் மங்கல்' என்று திருப்பி அனுப்புகிறார்கள். கண்ணாடி போடுபவர்களுக்கு, முழுப் படமும் தெரியக் கண்ணுக்கும் பைனாகுலரின் கண்வில்லைக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் (eye relief) 15 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 8×42இல் குறை என்றால் எடைதான்: அரை கிலோவுக்கு மேல், கழுத்து கடுக்கும். நைட்ரஜன் நிரப்பாதது மழைக்காலத்தில் உள்ளே பனிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள்.

வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணையுங்கள், அந்த அதிர்வே படத்தைக் கெடுக்கும். இறங்காதீர்கள், யானை நடமாடும் இடம். விழுந்து கிடக்கும் கொம்பை எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.