லைப்ரரி சயின்ஸ்ல பிஎச்.டி: ஃபுல் டைமா, பார்ட் டைமா, எந்த ஊரு?

எம்.எல்.ஐ.எஸ் (லைப்ரரி சயின்ஸ்ல மாஸ்டர்ஸ்) முடிச்ச பசங்க போன் பண்ணா முதல் கேள்வியே "அக்கா, மெட்ராஸ் யூனிவர்சிட்டி பெட்டரா, காரைக்குடி அழகப்பா பெட்டரா"ன்னுதான். நான் திருப்பிக் கேக்குறது, ஜே.ஆர்.எஃப், அதான் நெட் எக்ஸாம்ல கெடைக்குற ஆராய்ச்சி உதவித்தொகை, இருக்கா?

இருந்தா யோசிக்கவே வேணாம், ஃபுல் டைம்தான். 2023 ஜனவரியிலேருந்து மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப் ஆயிட்டா 42,000, எச்.ஆர்.ஏ (வீட்டு வாடகைப் படி) தனி. இல்லன்னா பார்ட் டைம், ஆனா அது ஈஸின்னு நெனச்சு வராதீங்க, யு.ஜி.சி 2022 விதிப்படி வேலை பாக்குற எடத்துல ஆட்சேபணை இல்லன்னு என்.ஓ.சி வாங்கணும், கோர்ஸ் ஒர்க்கும் (ஆராய்ச்சிக்காகப் படிக்க வேண்டிய பாடங்க) 12 கிரெடிட்டுக்குக் குறையாம முடிக்கணும், 3 வருஷத்துக்கு முன்னாடி தீசிஸ் குடுக்க முடியாது, 6 வருஷத்துக்குள்ள முடிக்கணும், பெண்களுக்கு இன்னும் 2 வருஷம் சலுகை உண்டு. நான் பார்ட் டைம்ல பண்ணவ. மார்ச்ல ஸ்டாக் வெரிஃபிகேஷன், ஜூன்ல அட்மிஷன், நடுவுல நாக் (காலேஜுக்குத் தர மதிப்பீடு குடுக்குற அமைப்பு) விசிட்டுன்னு ஓடுனதுல ஒரு வருஷம் முழுக்க கொஸ்டினேர் கட்டு பீரோ மேலயே கெடந்துச்சு. தபால் வழியில பிஎச்.டின்னு யாராவது சொன்னா காசு கட்டிடாதீங்க, அது செல்லாது.

பெங்களூர் டி.ஆர்.டி.சி (ஆவணமாக்கல் ஆராய்ச்சி, பயிற்சி மையம்) வேற ரகம். இந்திய நூலகவியலோட தந்தைன்னு சொல்ற நம்ம சீர்காழி ரங்கநாதன் 1962ல ஆரம்பிச்சது, இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குக் கீழ இருக்கு. ஆன்டாலஜி, செமாண்டிக் வெப்புன்னு (தகவலோட அர்த்தத்த கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்குற வேலை) கம்ப்யூட்டர் பக்கம் கை போறவங்களுக்கு அதான் சரியான எடம். ஆனா வேலைய விட்டுட்டு ஊரு மாறத் தயாரா இருக்கணும்.

தமிழ்ப் புத்தகம், பழைய பத்திரிகை, கேட்டலாக் இதுல மனசு இருந்தா நான் சென்னைன்னுதான் சொல்லுவேன். கன்னிமாராவும் ரோஜா முத்தையா நூலகமும் பஸ் ஏறுனா போற தூரத்துல இருக்கு. வேலையும் கொட்டிக் கெடக்கு. உங்க லைப்ரரி கேட்டலாக் சாஃப்ட்வேர் கோஹாவுல மு. வரதராசன்னு தேடிப் பாருங்க, 'வரதராசன், மு.'ன்னு ஒண்ணு, 'மு.வ.'ன்னு ஒண்ணு, இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு மூணு விதம்னு ஒரே ஆள் நாலா பிரிஞ்சு கெடப்பாரு, அவரோட புத்தகம் ஷெல்ஃப்ல இருந்தும் கேட்டு வந்த புள்ளைக்கு கைக்கு வராது. இதுக்கு ஒரு ஆளோட எல்லாப் பேர் வடிவத்தையும் ஒண்ணா இணைக்குற மாதிரி ஒழுங்கா ஒரு பெயர்க் கோப்பு உருவாக்குறதே நல்ல தீசிஸ்.

ஆனா யூனிவர்சிட்டி பேர விட எனக்குப் பெருசு கைடுதான். இந்திய யூனிவர்சிட்டி தீசிஸ்களை ஆன்லைன்ல சேத்து வெச்சிருக்குற ஷோத்கங்கா போங்க, கைடு பேரப் போட்டு கடைசியா வந்த அஞ்சு தீசிஸத் தெறந்து பாருங்க. அஞ்சுமே 'கல்லூரி மாணவர்களிடையே மின்வளப் பயன்பாடு', மாவட்டம் மட்டும் மாறுதுன்னா, உங்களுக்கும் அதே கொஸ்டினேர், அதே கை-ஸ்கொயர் (புள்ளியியல் சோதனை) கணக்குதான் வந்து சேரும். சயின்டோமெட்ரிக்ஸ், அதாவது ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணி அலசுறது, பரவாயில்ல, சீக்கிரம் முடியும், ஆனா டேட்டா எடுக்க வெப் ஆஃப் சயின்ஸோ ஸ்கோபஸோ மாதிரி கட்டுரைத் தகவல் தளம் வேணும், அந்த சப்ஸ்கிரிப்ஷன் அந்த கேம்பஸ்ல இருக்கான்னு மொதல்ல கேட்டுக்கோங்க. ரெஜிஸ்டர் பண்ண தேதியையும் தீசிஸ் குடுத்த தேதியையும் பாத்துடுங்க, அவர்கிட்ட எத்தனை வருஷம் ஆகுதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

அப்புறம் வேகன்சி. கைடு ப்ரொஃபசர்னா ஒரே நேரத்துல 8 ஸ்டூடன்ட், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, அதுக்கு மேல எடுக்க முடியாது. என்ட்ரன்ஸ் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே ஒரு மெயில் போட்டு "சார், எடம் இருக்கா, நான் இந்தத் தலைப்புல பண்ணலாமா"ன்னு கேட்டுடுங்க.