பூட் மெனுவில் ஸ்னாப்ஷாட்டா, வெளி வட்டில் காப்புநகலா?

புதுப்பிப்புக்குப் பிறகு லினக்ஸ் கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால் எதை நம்புவது? பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமையில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை, அதாவது அமைப்பின் முந்தைய நிலைப் பதிவை, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவிலிருந்தே தொடங்கலாம். அல்லது ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவி கொண்டு வெளி வட்டில் எடுத்த காப்புநகலை மீட்கலாம்.

வேகம்
ஸ்னாப்ஷாட்: ஓபன்சூசே என்ற லினக்ஸ் வகையில், மெனுவில் முந்தைய தேதியைத் தேர்ந்தெடுத்தால் அமைப்பு படிக்க மட்டும் இயலும் நிலையில் திறக்கும். எல்லாம் சரியென்று பார்த்தபின் ‘ஸ்னாப்பர் ரோல்பேக்’ கட்டளை, ஒரு மறுதொடக்கம், அவ்வளவுதான்.
காப்புநகல்: லைவ் யுஎஸ்பி (நிறுவாமலே லினக்ஸைத் தொடங்க உதவும் பென்டிரைவ்) வேண்டும், பொறுமையும் வேண்டும்.

இடம்
ஸ்னாப்ஷாட்: மாறிய பகுதிகளுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். ஆனால் பழையவற்றை நீக்காவிட்டால் வட்டு சத்தமில்லாமல் நிரம்பிவிடும்.
காப்புநகல்: தனி வட்டு.

வட்டே பழுதானால்
ஸ்னாப்ஷாட்: அதுவும் சேர்ந்து போய்விடும்.
காப்புநகல்: பிழைத்திருக்கும்.

ஸ்னாப்ஷாட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. நானே அதில் சிக்கினேன். என் கணினியில் தொடக்கக் கோப்புகள் உள்ள பூட் பகுதி, ஈஎக்ஸ்டி4 (ext4, ஸ்னாப்ஷாட் வசதி இல்லாத கோப்பு முறைமை) கொண்ட தனிப் பார்ட்டிஷனில் இருந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அங்கே இருப்பதால் ஸ்னாப்ஷாட்டுக்குள் வரவில்லை. பழைய ரூட்டில் (அமைப்புக் கோப்புகள் உள்ள முதன்மைப் பகுதியில்) புதிய கெர்னல் ஏறியது. அதற்குரிய மாட்யூல்கள் (வன்பொருளை இயக்கும் துணைநிரல்கள்) இல்லாததால் வைஃபைகூட எழவில்லை. நிறுவும்போதே பூட் பகுதியை ரூட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

டம்பிள்வீட் (ஓபன்சூசேயின் ஒரு பதிப்பு), ஆர்ச் போன்ற லினக்ஸ் வகைகளை வைத்து அடிக்கடி புதுப்பிப்பவர்களுக்கு ஸ்னாப்ஷாட்தான் என் தேர்வு. ஆர்ச்சில், ஸ்னாப்ஷாட்களை மெனுவில் காட்டும் கிரப்-பிடிஆர்எஃப்எஸ்ஸைத் தனியே நிறுவ வேண்டும். ரூட் ஈஎக்ஸ்டி4 என்றால் இந்த இரண்டில் காப்புநகல்தான் வழி. புகைப்படங்களும் ஆய்வேடும் இருக்கும் கணினியில் ஸ்னாப்ஷாட் இருந்தாலும் வெளி வட்டைக் கைவிடாதீர்கள்.