ஆட்டம் முடிந்ததும் கலரா, மோரா?

ஏப்ரலில் ஈரோட்டுப் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கும் மண் சுடும். அந்தச் சூட்டில்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் கபடி ஆடுகிறார்கள். முடிந்ததும் நேராகப் பெட்டிக்கடை, ஆளுக்கொரு கலர், அதாவது பாட்டில் குளிர்பானம். போன வாரம் ஒருவன் கருப்புப் பனியனைக் கழற்றி வேலியில் போட்டிருந்தான். காய்ந்ததும் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு. கையில் கோலா.

"ஏன் சாமி, மோர் குடிக்கலாமில்ல?" என்றேன்.

"மோரு இங்க எங்கண்ணா கிடைக்குதுங்க? இதுதான் ஜில்லுனு இருக்குது."

நியாயமான பதில்தான். ஆனால் பனியனில் காய்ந்த உப்பு அந்த பாட்டிலில் இல்லை. ஒரு லிட்டர் வியர்வையில், உப்பிலுள்ள சோடியம் மட்டும் சுமார் ஒரு கிராம் போகிறது. ஆளுக்கு ஆள் கூடும், குறையும். 300 மில்லி கோலாவில் சோடியம் பேருக்குத்தான். சர்க்கரையோ 30 கிராமுக்கு மேல். இவ்வளவு சர்க்கரை சேர்ந்த பானம் வயிற்றைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். ரத்தத்தைவிட அடர்த்தி அதிகம் என்பதால், குடலுக்குப் போனதும் முதலில் உடம்புத் தண்ணீரையே உள்ளே இழுக்கும். கேஸ் வேறு. இரண்டு ஏப்பம் வந்தால் வயிறு நிறைந்துவிட்டதென்று பையன் பாட்டிலை வைத்துவிடுவான், போன தண்ணீரில் பாதிகூட உள்ளே வந்திருக்காது. காபீனுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு பாட்டிலில் இருக்கும் 30 மில்லிகிராமால் உடம்பு வறண்டுவிடாது.

மோருக்கு வருவோம். அரை லிட்டர் நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் அரை கிராமுக்குச் சற்று மேலேயே சோடியம் கிடைக்கும். வியர்வைக் கணக்குக்கு அது சரியாக வரும். ஆட்டத்துக்கு நடுவே சிலருக்கு வயிறு கனக்கும், அதனால் முடிந்தபின் குடிப்பது நல்லது. அதே பெட்டிக்கடையில் சர்க்கரை இல்லாமல் எலுமிச்சை உப்பு சோடா கேட்டாலும் கோலாவுக்கு மேல்.

பொள்ளாச்சி இளநீரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் அதில் பொட்டாசியம்தான் ஏராளம், சோடியம் குறைவு. கூட உப்புக்கடலை கொஞ்சம் கொறித்தால் சரியாகிவிடும்.

கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் பானத்தில் சர்க்கரை 6 சதவீதம் அளவில் இருக்கும், சோடியமும் ஓரளவு உண்டு. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்குப் பயன்படும். கோவை ரேஸ்கோர்ஸில் நாற்பது நிமிடம் நடப்பவருக்குத் தண்ணீரே போதும். ஓ.ஆர்.எஸ். பேதிக்கான மருந்து. அந்தப் பெயரைப் போட்டு விற்ற இனிப்புப் பானங்களில் அந்தப் பெயர் இருக்கக்கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமே உத்தரவிட்டது.

கோலாவுக்கும் ஓர் இடம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு சைக்கிள் மிதிக்கிறவருக்குக் கடைசி மலைவளைவுகளில் கால் ஓய்ந்துபோகும்போது, கேஸ் போன கோலா நாலு மடக்கு சட்டென்று தெம்பு தரும். மாரத்தான் ஓடுபவர்களும் இப்படிக் குடிப்பதுண்டு. தாகத்துக்குத் தண்ணீர் தனியாக வேண்டும்.

இந்தச் சனிக்கிழமை முதல் மைதானத்து ஓரம் ஒரு பானை மோர் வைக்கிறேன், பக்கத்தில் எடை மெஷின். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ஏறி நிற்கச் சொல்வேன். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அதற்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாடு முடிவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக.