சிம்லா ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்க்: பனி பெய்தால் மூடிவிடும்

குளிர்கால விடுமுறைக்குச் சிம்லா கிளம்புகிறவர்களுக்குப் பொதுவாக இரண்டு ஆசைகள்: தலையில் பனி கொட்ட வேண்டும், ஐஸில் சறுக்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைப்பது அபூர்வம். பனி பெய்ய மேகம் வேண்டும். ரிங்க்கில் ஐஸ் பிடிக்க மேகமே இல்லாத வானம் வேண்டும். இது தெரியாமல் 2 நாள் பேக்கேஜில் போகிறவர்களில் பலர் ஒன்றைத் தவறவிட்டுத் திரும்புகிறார்கள். சிலர் இரண்டையும் தவறவிட்டு மால் ரோட்டில் சால்வை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ரிட்ஜ் மைதானத்துக்கு வடக்கே, லக்கட் பஜார் பக்கமாகச் சரிவில் இறங்கினால் ரிவோலி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிங்க் இருக்கிறது. திறந்தவெளி, குளிரூட்டும் இயந்திரத்தை நம்பாமல் இயற்கைக் குளிரில் உறையவைத்த ஐஸ். 1920இல் பிளெஸ்ஸிங்டன் என்ற ஐரிஷ்காரர் தொடங்கியது. இந்த இடம் முன்பு டென்னிஸ் கோர்ட். குழாயில் ஒழுகிய தண்ணீர் இரவில் உறைந்து கிடந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று சொல்வார்கள். இன்று ஷிம்லா ஐஸ் ஸ்கேட்டிங் கிளப் நடத்துகிறது. தெற்காசியாவின் மிகப் பழைய ரிங்க்குகளில் ஒன்று.

இடத்தேர்வுதான் இதன் உயிர். ரிட்ஜ் மேடு தெற்கு வெயிலை மறைக்கிறது. குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே போவதால் வடக்குச் சரிவுக்கு வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். ஊர் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது; ஐரோப்பிய மலையூர்களின் கடுங்குளிர் இங்கே கிடையாது. நிழல் மட்டும் இல்லையென்றால் பிப்ரவரி வரை ஐஸ் தாங்காது.

ஐஸ் போடும் வேலை பொறுமையான வேலை. வெயில் இறங்கியதும் தரையில் மெல்லிய படலமாகத் தண்ணீர் விட்டு, அது உறைந்த பிறகு அடுத்த படலம், அதன் மேல் இன்னொன்று என்று ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் மேல்பகுதி மட்டும் முதலில் உறையும். அடியில் தண்ணீரோ காற்றோ சிக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் ஆள் ஏறினால் ஐஸ் பொத்தென்று உள்வாங்கும். வெண்மையாக, குமிழோடு தெரியும் திட்டுகள் அப்படிப்பட்டவை. புதிதாகக் கற்பவர்கள் அவற்றைச் சுற்றிப் போவது நல்லது. இருண்டு, கண்ணாடியாகத் தெரியும் பகுதிதான் கெட்டியான ஐஸ்.

மேகம் ஏன் கெடுக்கிறது? தெளிந்த இரவில் தரை தன் சூட்டை நேரே வானத்துக்கு விட்டுவிடுகிறது. காற்றின் வெப்பநிலை 1, 2 டிகிரியில் நின்றாலும் தரையோடு கிடக்கும் தண்ணீர் உறைந்துவிடும். மேகம் கவிந்தால் போகிற சூட்டில் பெரும்பகுதி திரும்பி வருகிறது, ஐஸ் பிடிக்காது. ஆகவே வானிலை முன்னறிவிப்பில் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மேகம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு என்று பாருங்கள். 3 டிகிரி தெளிந்த இரவு, 0 டிகிரி மேகமூட்ட இரவைவிட நல்ல ஐஸ் தரலாம். பனி பெய்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: ஐஸுக்குக் கம்பளி போர்த்திய மாதிரி ஆகிவிடும், கீழே குளிர் இறங்காது. ஊழியர்கள் பனியை வழித்துத் தள்ள வேண்டும், மேற்பரப்பைத் திரும்பச் சமன் செய்ய வேண்டும். மழை என்றால் முதலிலிருந்து.

பொதுவாக டிசம்பர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை சீசன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று செஷன்கள். சீசன் தொடக்கத்திலும் கடைசியிலும் பெரும்பாலும் காலை செஷன் மட்டும் நடக்கும், ஏனென்றால் பகலில் இளகிய ஐஸ் மாலைக்குள் திரும்ப இறுகுவதில்லை. புதியவர்களுக்குக் காலைதான் பரிந்துரை. ஐஸ் கெட்டியாக இருக்கும், பரப்பில் கீறல்கள் குறைவு. மாலையில் விளக்கொளியில் ரிங்க் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் மேற்பரப்பு இளகி, முந்தைய கால்கள் வெட்டிய பள்ளங்களில் பிளேடு மாட்டும். முன்பதிவு செய்து நிம்மதியாக இருக்கக்கூடிய இடம் இது இல்லை. முந்தைய இரவு நட்சத்திரம் தெரிந்ததா என்று பார்த்துவிட்டு, காலையில் ஹோட்டல்காரரிடமோ ரிங்க்கிலோ கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். இந்த நிச்சயமின்மை பிடிக்காதவர்கள் ரிங்க்கைப் பயணத்தின் மையமாக வைக்க வேண்டாம்.

ஸ்கேட்டுகள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வாடகை ஸ்கேட் எங்கேயுமே ஒரே தரத்தில் இருக்காது. எனவே கையில் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு இறங்காதீர்கள். கட்டைவிரல் நகத்தை பிளேடின் விளிம்புக்குக் குறுக்கே மெல்ல இழுத்துப் பாருங்கள். நகத்தில் வெள்ளைத் தூளாகச் சீவல் வந்தால் விளிம்பு கூர்மை. வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிய பிளேடு, மாற்றித் தரச் சொல்லுங்கள். மழுங்கிய பிளேடு கெட்டியான காலை ஐஸில் பக்கவாட்டில் வழுக்கும். கற்றுக்கொள்பவர் தன் கால்தான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். தப்பு இரும்பில் இருக்கும். பிறகு பிளேடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், திருகு தளர்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

அளவு விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று சாக்ஸ் போட்டு, ஒரு அளவு பெரிய ஷூ கேட்பது. உள்ளே கால் ஆடும், கணுக்கால் மடங்கும், ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் குளிரும். முழங்கால் வரை வரும் ஒரே ஒரு மெல்லிய சாக்ஸ் போதும், அதுவும் சொந்தமாகக் கொண்டுபோனது. நேராக நிற்கும்போது பெருவிரல் முனையைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் சற்றே பின்வாங்க வேண்டும். குதிகால் எழும்பக் கூடாது. கயிற்றை விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும், கால்மேட்டிலும் கணுக்காலிலும் நல்ல இறுக்கமாகவும், மேலே கடைசித் துளைகளில் ஒரு விரல் நுழையும் அளவுக்கும் கட்டுங்கள். 10 நிமிடம் சறுக்கிய பிறகு ஓரமாக உட்கார்ந்து திரும்ப ஒருமுறை இறுக்கிக் கட்டுவது அவசியம், ஷூவின் தோல் சூடாகி நெகிழ்ந்திருக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். இரண்டு தடவை விழுந்தால் நனைந்து, பிறகு விறைத்துவிடும். தண்ணீர் ஒட்டாத டிராக் பேன்ட், உள்ளே தெர்மல், அது போதும். கையுறை கட்டாயம், குளிருக்காக மட்டும் சொல்லவில்லை, விழுந்து கிடக்கும் கையின் மேல் இன்னொருவர் பிளேடு ஏறலாம். விழுந்தால் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்வது பழக்கமாக வேண்டும். குழந்தைகளுக்கு சைக்கிள் ஹெல்மெட் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் தடவை இறங்குபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் விழுவது பின்பக்கமாக. பயத்தில் முழங்காலை விறைப்பாக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்கிறார்கள். கால் முன்னே போய்விடுகிறது, பின்மண்டை ஐஸில் மோதுகிறது. முழங்காலை எப்போதும் மடக்கி வையுங்கள், எடை பாதத்தின் முன்பாதியில் இருக்கட்டும், கைகள் இடுப்புக்கு முன்னால் கண்ணில் படும்படி இருக்கட்டும். குதிகால்கள் நெருங்கி, முன்பாதங்கள் விரிந்த நிலையில் சின்னச் சின்ன அடிகளாக நடக்கத் தொடங்குங்கள். நாலைந்து அடி நடந்து, இரண்டு காலையும் இணையாக வைத்துச் சறுக்க விடுங்கள். தள்ளுவது பிளேடின் உள்விளிம்பால், பக்கவாட்டில். நடக்கிற மாதிரி நுனியால் பின்னோக்கித் தள்ளினால், ஃபிகர் ஸ்கேட்டின் முனையில் இருக்கும் பற்கள் ஐஸில் குத்தி முகங்குப்புற விழவைக்கும். நிற்பதற்கு முழங்காலை மடக்கி, குதிகால்களை வெளியே தள்ளி, விரல்களை உள்பக்கம் திருப்பினால் போதும். விழப்போவது நிச்சயம் என்று தெரிந்தால் எதிர்த்துப் போராடாமல் குந்தி, ஒரு பக்கமாகத் தொடையில் விழுங்கள். நாலு பேர் கைகோத்துக்கொண்டு சறுக்குவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஒருவர் விழுந்தால் நாலு பேரும்.

ஒரு மணி நேரம் போதும். அதற்குமேல் கணுக்கால் களைத்துவிடும், அடிபடுவது அப்போதுதான்.

சரி, வானம் மூடிக்கிடக்கிறது, ரிங்க் இல்லை. அப்போது? மேற்கிலிருந்து வரும் மேகக்கூட்டம் பொதுவாக இரண்டொரு நாள் நின்று, பனியோ மழையோ கொட்டிவிட்டு நகரும். அது நகர்ந்த மறுநாள் பனிக்கான நாள். அடுத்த இரண்டு தெளிந்த இரவுகளுக்குப் பிறகுதான் ரிங்க்கில் சிறந்த ஐஸ். நாலு, ஐந்து நாள் கையில் வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பைப் பார்த்து வரிசையை மாற்றிக்கொள்ளத் தயாராகப் போனால் இரண்டுமே கிடைக்க வாய்ப்பு உண்டு. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முதல் வாரங்கள் வரை இதற்குத் தோதான காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், சிம்லா நகருக்குள் பனி விழும் என்பதற்கு உத்தரவாதம் குறைவு.

பனி பார்க்க என்றதும் டிரைவர்கள் வண்டியைக் குஃப்ரிக்குத் திருப்புவார்கள். சிம்லாவிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். புதுப்பனி விழுந்த காலையில் எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் அழகான இடம். பத்து மணிக்குமேல் போனால் வழி முழுக்க வண்டிகள். மேலே மகாசு முனைக்குப் போகும் பாதை குதிரைகள் மிதித்துச் சேறும் சாணியும் கலந்து கிடக்கும். குதிரை கட்டாயம் என்று வற்புறுத்துவார்கள். நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம். வழிக்கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் கம்பூட்டும் ஓவர்கோட்டும் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. கம்பூட்டுக்குள் மட்டும் தடித்த கம்பளி சாக்ஸ் போடுங்கள். குதிரைக்கும் வாடகைச் சாமான்களுக்கும் உள்ள தொகையை வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மொத்தத்தில், பனி விழுந்து இரண்டு நாள் ஆகிவிட்டால் குஃப்ரியைத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

அதற்குப் பதில் இன்னும் 45 கிலோமீட்டர் போய் நார்கண்டாவைப் பாருங்கள். சுமார் 2,700 மீட்டர் உயரம், கூட்டம் குறைவு, பனி கூடுதல் நாள் நிற்கும். சரிவுகளில் ஸ்கீயிங் கற்றுக்கொள்ளலாம். ஒரு மணி நேர வாடகைக்கு ஸ்கீயை மாட்டிக்கொண்டு ஒருவர் தோளைப் பிடித்தபடி பத்து மீட்டர் போவது ஸ்கீயிங் இல்லை. அதற்குக் கொடுக்கும் பணத்துக்குப் பனியில் உருண்டு விளையாடலாம். உண்மையாகக் கற்க விரும்பினால் மணாலி மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் மாநிலச் சுற்றுலாக் கழகமும் குளிர்காலத்தில் நடத்தும் பல நாள் வகுப்புகளை விசாரியுங்கள். ஹாட்டு சிகரம் சுமார் 3,400 மீட்டர்; குறுகிய ஏற்றச் சாலை, நல்ல பனி விழுந்தால் வண்டி போகாது, யாராவது போகும் என்றாலும் ஏறாதீர்கள். நார்கண்டாவிலிருந்து மாலை நாலு மணிக்குள் கீழே திரும்பிவிட வேண்டும். பகலில் உருகி ரோட்டில் ஓடிய தண்ணீர் சூரியன் மறைந்ததும் நிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத ஐஸாகும்; ஈர ரோடு என்று நினைத்து பிரேக் மிதித்த வண்டிகள்தான் பள்ளத்தோரம் நிற்கும்.

அதே ஐஸ் ஊருக்குள்ளும் உண்டு. மால் ரோட்டிலும் ரிட்ஜிலும் பொது வாகனங்களுக்கு அனுமதி இல்லை, எல்லாம் நடைதான். பனி விழுந்த மறுநாள் காலையில், பலர் மிதித்து இறுகிய பனி வழவழப்பாகிவிடும். ரிங்க்கில் தப்பித்தவர்கள் இங்கே கை முறித்துக்கொள்வார்கள். ஷூவின் மேல் பழைய கம்பளி சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டால் நல்ல பிடிமானம் கிடைக்கும். லக்கட் பஜார் மரச்சாமான்களுக்குப் பெயர்போனது. அங்கே கைத்தடி வாங்கினால் நுனியில் இரும்பு பூண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 2,455 மீட்டரில் இருக்கும் ஜாகு அனுமார் கோயிலுக்கு இந்த நாட்களில் நடந்து ஏறாமல் ரோப்வேயில் போய்விடலாம். மேலே குரங்குகள் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கும். கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்கேட்டிங் முடித்த வயிற்றுக்குச் சித்து சாப்பிடலாம்: புளிக்கவைத்த கோதுமை மாவில் வால்நட் அல்லது உளுந்துப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்து, மேலே நெய் ஊற்றித் தருவார்கள். ஆறினால் கல்லாகும், சுடச்சுட வாங்குங்கள். மால் ரோடு இந்தியன் காபி ஹவுஸில் தோசை உண்டு. ஆனால் அதற்காகச் சிம்லா வரை போக வேண்டியதில்லை. காபி குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.