ஐட்லிங்கில் நடுங்குகிற காரும் 137,000 ரூபாய் பில்லும்

திருகோணமலையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய ஜப்பான் கார் ஓடுகிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். சில நூறு ரூபாய் றப்பர் ஹோஸ் ஒன்று வெடித்ததற்கு என்னிடம் 137,000 ரூபாய் வாங்கினார்கள். வாங்கிய பிறகும் கார் திருந்தவில்லை. அதோடு விட்டிருந்தால் வேலை தெரியாத கராஜ் என்று நினைத்துப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் காரில் இருந்த நல்ல சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு, கழித்த சாமானைப் புதிய விலைக்குப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கராஜின் பெயரையோ இடத்தையோ இங்கே போடவில்லை. உள்பெட்டியில் கேட்டாலும் சொல்லப்போவதில்லை, மன்னிக்கவும்.

கார் 2001 மொடல் ரொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர். உள்ளே இருப்பது 1என்இசட் என்ஜின், 1500 சிசி. ஒழுங்காகப் பார்த்தால் வயசு போகாத என்ஜின் என்று எல்லோரும் சொல்வது. சில மாதங்களுக்கு முன் நடுங்கத் தொடங்கியது. ஸ்டார்ட் ஆகும், ஆனால் ஐட்லிங்கில், அதாவது அக்சிலரேற்றரை மிதிக்காமல் விட்டால், நிதானமாக ஓடாது. என்ஜின் சுற்றைக் காட்டுகிற ஆர்பிஎம் ஊசி 700க்குப் பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும், அது 400க்கும் 900க்கும் நடுவே ஆடும். டி கியரில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் வரைக்கும் அதிரும். ஏசி போட்டால் அணைந்தே போகும். அனுராதபுரச் சந்தியில் பின்னால் பஸ்காரன் ஹோன் அடிக்க அடிக்க, கியரை நியூட்ரலுக்குத் தள்ளித் திரும்ப ஸ்டார்ட் பண்ணுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நிலாவெளி ரோட்டில் அறுபதில் போனால் ஒரு குறையும் சொல்ல முடியாது, பட்டுப்போல ஓடும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர் அதற்குள்தான் இருந்தது.

கராஜில் முதலில் பெற்றோலைக் குறை சொன்னார்கள். “எங்க அண்ணா அடிக்கிறீங்க? இப்ப வாற பெற்றோல் எல்லாம் கலப்படம்.” சீனன்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். அப்புறம் ஸ்கேனர் மாட்டினார்கள். திரையில் பி0171, பி0300 என்று இரண்டு பிழைக் கோட் வந்தது. நான் படம் எடுத்து வைத்தேன். பையன் அதைப் பார்த்துவிட்டு, “மிஸ்பயர் காட்டுது, நாலு கொயிலும் போயிட்டுது, பிளக்கும் சேர்த்து மாத்தணும்” என்றான்.

கொயில் என்பது பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுக்கிற சாமான், சிலிண்டருக்கு ஒன்று. மிஸ்பயர் என்பது சிலிண்டருக்குள் பெற்றோல் சரியாக எரியாமல் போவது. இதில் பி0300 என்பது மிஸ்பயர் ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லை, பரவலாக நடக்கிறது என்பது. பி0171 என்பது காற்று கூடிப் பெற்றோல் குறைந்த கலவை, அதைக் காரின் கம்ப்யூட்டரால் ஈடுகட்ட முடியவில்லை என்பது. இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அந்தக் கூடுதல் காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான். கொயில் பழுதானதால்தான் எல்லாச் சிலிண்டரும் மிஸ் ஆகிறது என்றால் நான்கு கொயிலும் ஒரே நேரத்தில் சாகவேண்டும். அப்படிப் பேசி வைத்துக்கொண்டா சாகும்? கொயிலைச் சோதிப்பது பெரிய வித்தையும் இல்லை. என்ஜின் ஓடும்போது ஒவ்வொரு கொயிலின் சொக்கெற்றாகக் கழற்றிப் பார்க்கலாம். கழற்றியதும் என்ஜின் இன்னும் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் கோளாறு அங்கேதான். இல்லாவிட்டால் முதலாம் சிலிண்டரில் இருக்கிற கொயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போட்டு, முதலாவதைக் குறிக்கிற பி0301 கோட் மூன்றாவதைக் குறிக்கிற பி0303 ஆகிறதா என்று பார்க்கலாம். கால் மணித்தியால வேலை. எனக்கு முன்னால் யாரும் அதைச் செய்யவில்லை.

கொயில் மாற்றியும் நடுக்கம் போகவில்லை. உடனே பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்டர் அடைப்பு என்றார்கள். அதுவும் கழுவினார்கள். மிதிக்கும்போது திறந்து காற்றை உள்ளே விடுகிற திரொட்டில் பொடியையும் கழுவினார்கள். பிறகு பெற்றோல் பம்ப் பிரஷர் இல்லை என்றார்கள். “பிரஷர் எவ்வளவு காட்டுது?” என்று கேட்டேன். பதில் இல்லை. இந்த என்ஜினுக்கு 44 முதல் 50 பிஎஸ்ஐ வரை இருக்கவேண்டும், கேஜ் மாட்டினால் தெரிந்துவிடும். கேஜ் அங்கே இருந்ததாகவே எனக்குத் தெரியவில்லை. சாமான் கொழும்பில் பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும், பஸ்ஸில் போட்டுவிட்டார்கள், தம்புள்ளை தாண்டிவிட்டது, ஹபரணை தாண்டிவிட்டது என்று நாட்கள் போயின. பம்ப் மாற்றிய பிறகும் அதே கதைதான்.

கடைசியில் வந்தது பெரிய குண்டு, என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூவின் மேல். “அண்ணா, ஈசியூ போயிட்டுது. கொழும்புக்கு அனுப்பணும், எண்பத்தைஞ்சு ஆகும்.”

நான் வேண்டாம், இதுவரைக்கும் செய்ததற்குக் கணக்கைக் கொடுங்கள், காரை எடுத்துப்போகிறேன் என்றேன். அதுவரை அண்ணா அண்ணா என்று இருந்தவர்களின் முகம் மாறியது. முழுக் காசையும் கட்டினால்தான் கார் வெளியே போகும், அதுவும் கையில் காசாகத்தான். பில் கேட்டபோது கொப்பி ஒற்றையைக் கிழித்து எழுதித் தந்தார்கள்: கொயில் நான்கு 54,000, இரிடியம் பிளக் 14,000, பம்ப் 32,000, இன்ஜெக்டர் 12,000, திரொட்டில் 6,000, கூலி 19,000. கராஜின் பெயரும் இல்லை, சீலும் இல்லை. நான் பிடிவாதமாக நின்று பாதியையாவது அவர்களின் வங்கிக் கணக்கில் போட்டேன். இன்றைக்கு என் கையில் இருக்கிற உறுதியான ஆதாரம் அந்த வங்கிப் பதிவுதான்.

கழற்றிய சாமான்களைத் தாருங்கள் என்றதற்கு, பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டான் என்றார்கள். கொயில் புதிதுதான் என்று காட்ட நான்கு டென்சோ பெட்டிகளை மட்டும் தந்தார்கள். வெறும் பெட்டிகள்.

பிளக் மாற்றியதில் எனக்குக் குறையில்லை, அது எப்படியும் மாற்றவேண்டிய காலம்தான். ஆனால் பழைய பிளக்குகளைக் காட்டாமல் வீசியது குறைதான். பிளக்கின் நுனியைப் பார்த்தே என்ஜினுக்கு என்ன என்று பாதி சொல்லிவிடலாம். கரி பிடித்துக் கறுத்திருந்தால் பெற்றோல் கூட, வெளுத்துப் போயிருந்தால் காற்றுக் கூட, எண்ணெய் பிசுபிசுத்தால் உள்ளே ஓயில் ஏறுகிறது. என்னுடையவை வெளுத்துத்தான் இருந்திருக்கும். கொயிலும் வேண்டாம், பம்பும் வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய சாட்சி அது.

நடுங்க நடுங்கவே காரைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு நாநா வீட்டு முற்றத்தில் தகரம் இறக்கி வேலை செய்கிறார், போர்ட் கூட இல்லை. தம்பலகாமத்தில் ட்ரக்டர் வைத்திருக்கிற நண்பர் சொல்லித்தான் தெரியும். நாநா ஸ்கேனரை மாட்டினார், ஆனால் கோட்டைப் பார்க்கவில்லை. ஓடுகிற என்ஜினின் கணக்கைப் பார்த்தார். கம்ப்யூட்டர் தானாக எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்று அதில் சதவீதத்தில் காட்டும். ஐட்லிங்கில் 27 காட்டியது. “தம்பி, ரேஸ் பண்ணுங்க” என்றார். 2500இல் பிடித்தேன். எண் இறங்கி இறங்கி 6க்கு வந்தது.

“பம்ப் பழுதெண்டா இது ஏறணும். எறங்குது. எங்கயோ காத்து உறிஞ்சுது” என்றார்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என்ஜினுக்குள் போகிற காற்றை வாசலிலேயே ஒரு சென்சர் அளக்கிறது. அந்த அளவுக்குத்தான் கம்ப்யூட்டர் பெற்றோல் விடும். சென்சருக்கு அப்பால் ஓட்டை இருந்தால் அளக்காத காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும், கலவை வறண்டுவிடும். ஐட்லிங்கில் திரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது, உள்ளே போகிற மொத்தக் காற்றே கொஞ்சம், அதனால் ஓட்டைக் காற்றின் பங்கு பெரிது. வேகமாக ஓடும்போது காற்று நிறையப் போவதால் அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. நிலாவெளி ரோட்டில் பட்டுப்போல ஓடியது அதனால்தான். பம்ப் பலவீனமாக இருந்திருந்தால் கதை மறுபக்கம் போயிருக்கும்: நின்றால் சும்மா இருக்கும், வேகம் எடுக்கும்போதுதான் மூச்சு வாங்கும்.

பிறகு கார்பரேற்றர் கிளீனர் டின்னை எடுத்து, என்ஜினுக்குள் காற்றுப் போகிற குழாயான இன்டேக்கைச் சுற்றியிருக்கிற ஹோஸ்களில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தார். ஒரு இடத்தில் அடித்ததும் என்ஜின் சத்தம் சட்டென்று மாறி, ஊசி துள்ளியது. (இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அது தீப்பற்றுகிற திரவம், சூடான புகைக்குழாய் பக்கத்திலேயே இருக்கும்.) கையை உள்ளே விட்டுக் கழற்றி எடுத்தார். வால்வ் கவரிலிருந்து இன்டேக்குக்கு ஓயில் ஆவியைக் கொண்டுபோகிற பிசிவி ஹோஸ். மேல்பக்கம் பார்த்தால் நல்லாகத்தான் இருக்கிறது. வளைவின் அடிப்பக்கம் ஊறிப் பஞ்சாகி, விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. இருபது வருடத்துக்கு மேலாகச் சூட்டையும் ஓயிலையும் குடித்த றப்பர், வேறு எப்படி இருக்கும்? ஓயிலுக்குத் தாக்குப்பிடிக்கிற ஹோஸ் ஒரு துண்டும் இரண்டு கிளிப்பும் போட்டு, கூலியோடு 3,500 ரூபாய் வாங்கினார். ஊசி 700இல் நின்றது.

ஆனாலும் இடையிடையே ஒரு சின்ன வெட்டு இருந்தது. ஸ்கேனரில் இப்போது பி0303 மட்டும், அதாவது மூன்றாம் சிலிண்டர். அந்தக் கொயிலைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்த நாநா, “இது புதுசெண்டு ஆர் சொன்ன?” என்று கேட்டார். தலையில் டென்சோ என்ற எழுத்து இருக்கவேண்டிய இடம் மொட்டை. ஆணி உட்காரும் இடத்தில் பழைய ஓயில் அழுக்கு காய்ந்துபோய் இருந்தது. கீழே றப்பர் கடினமாகி வெடித்திருந்தது. நான்கும் அப்படித்தான். பெட்டி புதிது, உள்ளே இருந்தது வேறு யாருடைய காரிலோ கழித்த சாமான்.

சந்தேகம் என்று விட்டுவிட முடியாதபடி இன்னொன்றும் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பவும் திறந்தபோது பழைய கார் விலை விழுந்துவிடும் என்ற பேச்சில் நானும் காரை விற்க நினைத்தேன். அப்போது அத்தான் பொனட்டைத் திறந்து படங்கள் எடுத்தார். அந்தப் படத்தைப் பெரிதாக்கினால் நான்கு கொயிலிலும் டென்சோ என்ற எழுத்துத் தெரிகிறது. அதன் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற் பேனாவால் 1, 2, 3, 4 என்று எழுதியிருப்பதும் தெரிகிறது. முன்பொரு முறை வால்வ் கவர் கஸ்கெற் மாற்றிய வவுனியா மெக்கானிக், மாறிப் போகக்கூடாது என்று எழுதியது அது. அந்த நான்கு கொயிலும் பழுதில்லை என்று இப்போது தெரிகிறது. பழுதில்லாததைக் கழற்றி எடுத்துவிட்டு, பழுதைப் பூட்டி, அதற்கு 54,000.

திரும்பப் போய்க் கேட்டேன். படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்றார்கள். “நீங்க வேற கராஜுக்குக் கொண்டுபோய்க் கழட்டினாப் பிறகு நாங்க பொறுப்பில்ல அண்ணா.”

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன். தொலைபேசி 1977. பலருக்குத் தெரியாத ஒன்று: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சாமான் வாங்கியோ சேவை பெற்றோ மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் போகவேண்டும். பேசித் தீர்ப்போம், அடுத்த கிழமை வாருங்கள் என்று கராஜ்காரர் இழுக்க இழுக்க அந்த மூன்று மாதம்தான் கரைகிறது. பற்றுச்சீட்டுக் கேட்டால் தரவேண்டியதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கொப்பி ஒற்றையை நீட்டினால் வாங்கிக்கொண்டு, கராஜ் பெயரும் திகதியும் கையெழுத்தும் அதிலேயே போடச் சொல்லுங்கள். மறுத்தால் கொஞ்சக் காசையாவது அவர்களின் வங்கிக் கணக்கில் போடுங்கள்.

இன்னொன்று, காரை விடுமுன் பொனட்டைத் திறந்து பற்றரி, கொயில், திரொட்டில், ஓல்டர்னேற்றர் எல்லாம் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள். கழற்றிய சாமான் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள், முடிந்த பிறகு கேட்டால் பழைய இரும்புக்காரன் முந்திவிடுவான். ஐட்லிங் பிரச்சினை என்றால், சாமான் பெயர் சொல்லுகிறவரிடம் எண் கேளுங்கள்: ஐட்லிங்கில் பெற்றோல் திருத்தம் எத்தனை சதவீதம், 2500இல் எத்தனை, பம்ப் பிரஷர் எத்தனை? கைபேசியில் வேலை செய்கிற மலிவு புளூடூத் ஸ்கேனரை நம்பி நீங்களே பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்த பழைய மொடல்கள் பலவற்றோடு அது பேசாது. நான் ஒன்று வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கொரோலா 121க்கோ அதே என்ஜின் உள்ள வேறு காருக்கோ “பாவித்த ஒரிஜினல் டென்சோ கொயில்” என்று திருகோணமலை, கிண்ணியா, கந்தளாய்ப் பக்கம் யாராவது விற்க வந்தால், தலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பெயின்ற்றில் இலக்கம் எழுதியிருந்தாலோ, அதைச் சுரண்டிய அடையாளம் இருந்தாலோ, ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மூன்றாம் இலக்கத்தின் வால் கீழே மையாய் வழிந்திருக்கும்.